கம்ப்யூட்டருக்குப் பாடம் நடத்திய அம்மையார்

(மூன்றாம் ஆண்டு மாணவன், கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் பிரிவு)



ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி நம் பேரவைச் செயலாளர் கேட்டபோது, காந்தியடிகள், காமராஜர், கலாம் ஐயா மூவரையும் மற்றவர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டு விட்டார்கள். மிச்சம் இருந்தவரை என் தலையில் கட்டினார்கள் என்று நினைக்க வேண்டாம். கிரேஸ் ஹாப்பர் அம்மையாரை நானே கேட்டு வாங்கினேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லிவிட்டு அவர் கதைக்கு வருகிறேன்.

போன கோடையில் பதினைந்து நாள் இன்பிளான்ட் டிரெய்னிங் போனேன். தண்ணீர் மோட்டாருக்கு கன்ட்ரோல் போர்டு செய்கிற ஒரு சின்னக் கம்பெனி. அங்கே சாஃப்ட்வேர் பார்க்கிற சாருக்கு சி மொழியில் பதினெட்டு வருஷ அனுபவம். அதாவது என் வயசு! அந்தச் சமயம் அவர் ரஸ்ட் என்ற மொழியைப் புதிதாகக் கற்றுக்கொண்டிருந்தார். அவருடைய ஸ்கிரீன் முழுக்க சிவப்பு எழுத்து. ஒரு வரியைத் திருத்தினால் கம்பைலர் இன்னும் மூன்று குறை சொல்லும். அத்தனை அனுபவசாலி, சின்னப் பையன் மாதிரி மெஷினிடம் திட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. உண்மையைச் சொல்கிறேன், முதல் வருஷம் லேபில் எர்ரர் வந்தால் நான் சட்டென்று மானிட்டரை அணைத்துவிடுவேன். பக்கத்து சிஸ்டத்தில் இருப்பவன் பார்த்துவிடக் கூடாது. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டி வந்தவன் நான் ஒருவன்தான். எர்ரர் என்று வந்தால் போதும், உனக்கெல்லாம் எதுக்குடா இந்தப் படிப்பு என்று யாரோ பின்னால் நின்று கேட்கிற மாதிரியே இருக்கும்.

அந்த சாரிடம் மெதுவாகக் கேட்டேவிட்டேன், உங்களுக்கே இவ்வளவு எர்ரர் வருதே சார் என்று. அவர் கோபப்படவில்லை. கம்பைலர் என்ற பேச்சை ஆரம்பித்து வைத்த அம்மா ஒருத்தர் இருந்தார், அவர் கதையைப் படிச்சிட்டு வா, அப்புறம் பேசலாம் என்றார். படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏழு கடிகாரங்கள்

கிரேஸ் 1906 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில் பிறந்தார். பிறந்த வீட்டுப் பெயர் கிரேஸ் புரூஸ்டர் மர்ரே. அப்பா இன்சூரன்ஸ் தொழில் செய்தவர். அம்மாவுக்குக் கணக்கு என்றால் உயிர். அப்பாவுக்கு ரத்தக் குழாய் நோய் வந்து இரண்டு கால்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. பெண் பிள்ளைகளுக்கும் பையனுக்குச் சமமாகப் படிப்பு வேண்டும், நாளைக்கு அவர்கள் யாரையும் நம்பி நிற்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

கிரேஸுக்கு ஏழு வயது இருக்கும்போது, கோடை விடுமுறைக்குப் போன வீட்டில் படுக்கையறைக்கு ஒன்றாக ஏழு அலாரம் கடிகாரங்கள் இருந்தன. உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஒன்றைப் பிரித்தார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. எப்படிப் பூட்டுவது என்று பார்க்க அடுத்ததைப் பிரித்தார். இப்படியே ஏழும் காலி! விஷயம் தெரிந்த அம்மா, இனிமேல் பிரிப்பதானால் இந்த ஒரு கடிகாரத்தோடு நிறுத்திக்கொள் என்று எல்லை போட்டார். நோண்டவே கூடாது என்று சொல்லவில்லை, கவனியுங்கள். அந்த அம்மாவுக்கு நாம் எல்லோரும் கடமைப்பட்டிருக்கிறோம்.

அரியர் வைத்திருக்கும் நண்பர்களுக்காக அடுத்த செய்தி. வாஸர் என்ற பெண்கள் கல்லூரியில் சேர அவர் முதல் தடவை முயன்றபோது லத்தீன் பாடத்தில் மார்க் போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு வருஷம் கழித்துத்தான் இடம் கிடைத்தது. அதே கல்லூரியில் 1928-ல் கணிதமும் இயற்பியலும் படித்துப் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக்கழகத்தில் 1930-ல் முதுகலை, 1934-ல் கணிதத்தில் டாக்டர் பட்டம். 1930-ல் வின்சென்ட் ஹாப்பர் என்பவரை மணந்ததால் ஹாப்பர் என்ற பெயர் வந்தது. 1945-ல் மணமுறிவு ஆன பிறகும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. தன்னைத் திருப்பி அனுப்பிய வாஸர் கல்லூரியிலேயே 1931 முதல் கணக்கு வாத்தியாராக வேலை பார்த்தார்.

முப்பத்தேழு வயதில் மறுபடியும் மாணவி

இரண்டாம் உலகப்போர் வந்தது. கடற்படையில் சேர வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவருடைய கொள்ளுத் தாத்தா ஒரு கடற்படை அட்மிரல். ஆனால் இவருக்கு வயது அதிகம், எடை குறைவு. கேட்டது 120 பவுண்டு, இவர் இருந்தது 105 பவுண்டு. விடாமல் முயன்று, சிறப்பு அனுமதி வாங்கி, 1943 டிசம்பரில் சேர்ந்தார். டாக்டர் பட்டம் வாங்கிய பேராசிரியை, தன்னிடம் படிக்கும் வயதில் இருந்த பெண்களோடு வரிசையில் நின்று பயிற்சி எடுத்தார். 1944-ல் அந்த வகுப்பில் முதலாவதாகத் தேறினார்.

கப்பலுக்கு அனுப்புவார்கள் என்று பார்த்தால், 1944 ஜூலையில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஹோவர்டு ஐக்கன் என்பவர் தலைமையில் மார்க் ஒன் என்ற ராட்சதக் கணக்குப் பொறி ஓடிக்கொண்டிருந்தது. நீளம் 51 அடி, உயரம் 8 அடி, எடை சுமார் 5 டன். உள்ளே 530 மைல் வயர். இத்தனைக்கும் ஒரு வினாடிக்கு மூன்று கூட்டல்தான் போடும்! கீ-போர்டு, ஸ்கிரீன் எதுவும் கிடையாது. கட்டளைகளைப் பேப்பர் டேப்பில் ஓட்டை ஓட்டையாகப் போட வேண்டும்.

அங்கே ஏற்கெனவே இருந்த பிளாக், கேம்பெல் என்ற இரண்டு அதிகாரிகள் அவரைவிட வயதில் இளையவர்கள். அந்தப் பையன்களிடம்தான் பேராசிரியை புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். கற்ற கையோடு, அந்தப் பொறிக்கு 500 பக்கத்துக்கு மேல் வரும் கையேட்டை எழுதினார். அது 1946-ல் வெளிவந்தது.

இங்கே ஒரு விஷயத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும். நன்றாக ஓடிய புரோகிராம் துண்டுகளை, உதாரணத்துக்கு சைன் கண்டுபிடிக்கும் துண்டு, ஆளுக்கொரு நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். தேவைப்படும்போது ஒருவர் நோட்டைப் பார்த்து இன்னொருவர் காப்பி எழுதுவார். நாம் ரெக்கார்டு எழுதுகிற மாதிரியேதான்! பார்த்து எழுதும்போது டெல்டா என்ற குறி 4 ஆகிவிடும். பி என்ற எழுத்து 13 ஆகிவிடும். அதோடு போகவில்லை. ஒரு துண்டை வேறு இடத்தில் வைத்தால் அதில் உள்ள அட்ரஸ் ஒவ்வொன்றோடும் ஒரு எண்ணைக் கூட்டி மாற்ற வேண்டும். அந்தக் கூட்டலும் தப்பும்.

ஹாப்பர் அம்மையார் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த அறையில் இருந்தவர்கள் யாரும் மட்டமான ஆட்கள் இல்லை. அன்றைய உலகத்தில் புரோகிராம் எழுதத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், அவர்களில் சிலர் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கே காப்பி எழுதத் தெரியவில்லை, கூட்டத் தெரியவில்லை. தனக்கும் தெரியவில்லை என்பதை அவர் ஒளிக்கவே இல்லை. என்னை நிறுத்தி வைத்த இடம் இதுதான்.

அந்தப் பூச்சிக் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வாசகர்கள் விட மாட்டீர்கள். 1947 செப்டம்பர் 9 அன்று மார்க் டூ என்ற அடுத்த பொறியின் ரிலே ஒன்றில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்து லாக் புத்தகத்தில் டேப் போட்டு ஒட்டி, நிஜமான பக் கிடைத்தது என்று குறிப்பும் எழுதி வைத்தார்கள். பூச்சியைப் பிடித்ததே ஹாப்பர்தான், பக் என்ற சொல்லே அன்றுதான் பிறந்தது என்று பலர் எழுதுகிறார்கள். இரண்டும் சரியில்லை. பிடித்தவர்கள் கூட வேலை பார்த்தவர்கள். அந்தச் சொல்லை எடிசன் காலத்திலேயே இன்ஜினியர்கள் பேசிக்கொண்டார்கள். கதையை ஊர் ஊராகச் சொல்லிப் பரப்பியவர் மட்டும் ஹாப்பர்.

வழுக்கிய இடம்

பெரியவர்கள் வாழ்க்கையில் எல்லாமே வெற்றி என்று எழுதுவது வழக்கம். நான் அப்படி எழுதப் போவதில்லை. போர் முடிந்த பிறகு ஹார்வர்டில் அவருக்கு நிரந்தர வேலை கிடைக்கவில்லை. மணவாழ்க்கையும் முறிந்திருந்தது. அந்த வருஷங்களில் அவர் குடிப்பழக்கத்தில் விழுந்தார். வேலைக்கே ஆபத்து வரும் அளவுக்குப் போனது. நண்பர்கள் கண்டித்தார்கள், தாங்கியும் பிடித்தார்கள். எழுந்து நின்றார். அவர் செய்த பெரிய வேலை எல்லாமே அதற்குப் பிறகுதான்.

பாடம் படித்த கம்ப்யூட்டர்

1949-ல் ஃபிலடெல்ஃபியா நகரில் எக்கர்ட், மாக்லி என்ற இரண்டு பேர் நடத்திய கம்பெனியில் சேர்ந்தார். எனியாக் கம்ப்யூட்டரைச் செய்தவர்கள் அவர்கள். அங்கே அவர்கள் செய்துகொண்டிருந்த யூனிவாக் கம்ப்யூட்டரின் மெமரி 1,000 சொற்கள், சொல்லுக்கு 12 எழுத்து. மொத்தம் 12,000 எழுத்து. இந்தக் கட்டுரைகூட அதில் அடங்காது!

அங்கே பைனாக் என்ற இன்னொரு கம்ப்யூட்டருக்காக அவர் எட்டின் அடிமானத்தில் கணக்குப் போடக் கற்றுக்கொண்டார். அதில் 7-ம் 1-ம் கூட்டினால் 10. நன்றாகவே பழகிவிட்டது. ஆனால் மாதக் கடைசியில் பேங்க் செக் புத்தகக் கணக்கு இடித்தது. மூன்று மாதமாகச் சரிவரவில்லை. பேங்க் வேலையில் இருந்த தம்பி உட்கார்ந்து பார்த்துக் கண்டுபிடித்தார். அக்கா அவ்வப்போது செக் புத்தகத்திலும் எட்டின் அடிமானத்தில் கழித்திருக்கிறார்! மெஷினுக்குத் தோதாக மனிதன் மாறினால் இப்படித்தான் ஆகும், மனிதனுக்குத் தோதாக மெஷின்தான் மாற வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் பலப்பட்டது.

அதே கம்பெனியில் பெட்டி ஹோல்பர்ட்டன் என்ற பெண்மணி, தரவுகளை வரிசைப்படுத்தும் புரோகிராமை மெஷினே எழுதித் தரும்படி ஒன்றை 1951-ல் செய்து காட்டினார். ஹாப்பருக்குத் தைரியம் வந்தது. 1951 அக்டோபரில் ஆரம்பித்து 1952 மே மாதத்துக்குள் ஏ-ஜீரோ என்ற தன் கம்பைலரை முடித்தார்.

வேலை இதுதான். நோட்டில் இருந்த துண்டுகள் எல்லாம் காந்த டேப்புக்குப் போயின. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். இன்ன எண்ணுள்ள துண்டு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், ஏ-ஜீரோ டேப்பில் தேடி எடுத்து, எல்லா அட்ரஸையும் தானே கூட்டி மாற்றி, முழுப் புரோகிராமாக்கிக் கொடுத்துவிடும். இன்றைய கணக்கில் அதை லிங்கர், லோடர் வகை என்றுதான் சொல்ல வேண்டும். பெயர் எதுவாகவும் இருக்கட்டும். காப்பி எழுதும் வேலையும் அட்ரஸ் கூட்டும் வேலையும் மனிதன் கையை விட்டுப் போயின.

நடுவில் ஒரு சிக்கல். புரோகிராமில் பின்னால் வரப்போகிற இடத்துக்கு இப்போதே தாவச் சொன்னால், அந்த இடத்தின் அட்ரஸ் இன்னும் தெரியாதே! ஹாப்பருக்குக் கல்லூரியில் ஆடிய பாஸ்கெட்பால் ஞாபகம் வந்தது. அந்தக் காலப் பெண்கள் ஆட்டத்தில் பந்தைத் தட்டிக்கொண்டே ஓட முடியாது. பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு, முன்னால் ஓடிப் போய்த் திரும்ப வாங்க வேண்டும். அதே மாதிரி மெமரியின் ஒரு மூலையை ஒதுக்கி வைத்தார். தெரியாத தாவல் எல்லாம் முதலில் அந்த மூலைக்குப் போகும். சரியான இடம் தெரிந்ததும் அந்த மூலையிலிருந்து அங்கே ஒரு தாவல் போட்டுவிடுவார். விளையாட்டுப் பிரிவு நண்பர்கள் இந்தப் பத்தியை லேப் சாரிடம் காட்டலாம்.

1952 மே மாதம் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த மாநாட்டில் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார். தலைப்பு, ஒரு கம்ப்யூட்டரின் கல்வி. ஆனால் யார் கேட்டார்கள்! கம்ப்யூட்டர் கணக்குத்தான் போடும், புரோகிராம் எல்லாம் எழுதாது என்று சொல்லிவிட்டார்கள். ஓடிக்கொண்டிருந்த கம்பைலரை இரண்டு வருஷம் யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதிகம் எதிர்த்தது யார் தெரியுமா? கை தேர்ந்த புரோகிராமர்கள். ஒவ்வொரு அட்ரஸையும் கையாலேயே வைத்துப் பழகியவர்கள், என்னைவிடவா இது நன்றாக வைத்துவிடும் என்று நினைத்தார்கள்.

மறுபடியும் நம்ம சார்

இதைப் படித்த பிறகுதான் டிரெய்னிங் சார் படும் பாடு எனக்குப் புரிந்தது. அதே சண்டை, வேறே படி.

சி மொழி 1972 வாக்கில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கியது. நமக்கும் அதுதான் முதல் மொழி. அதில் அட்ரஸைக் கம்பைலரே போட்டுவிடும். ஆனால் அந்த இடம் யாருக்குச் சொந்தம், எப்போது வாங்கினோம், எப்போது திருப்பிக் கொடுத்தோம் என்பதை நாம்தான் ஞாபகம் வைக்க வேண்டும். திருப்பிக் கொடுத்த இடத்தை மறுபடி தொட்டாலும் சி கேட்காது. 16 இடம் உள்ள அரேயில் 17-வது இடத்தில் எழுதினாலும் கேட்காது.

அப்படித்தான் அந்தக் கம்பெனியில் ஒன்று நடந்திருக்கிறது. 16 அளவுகளை வைக்கும் அரேயில் எப்போதாவது ஒரு தடவை 17-வது விழும். அது பக்கத்து இடத்தை அழித்துவிடும். பக்கத்தில் இருந்தது, கிணற்றில் தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டாரை நிறுத்த வேண்டிய அளவு. ஒரு விவசாயியின் மோட்டார் தண்ணீர் இல்லாமல் ராத்திரி முழுக்க ஓடி, காயில் கருகிப்போச்சு. காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆனதாம். அந்த வரியை எழுதியது நான்தான்பா என்று சார் அவர் வாயாலேயே சொன்னார். பதினெட்டு வருஷ அனுபவம் அந்த ஒரு வரியைக் காப்பாற்றவில்லை.

இது அவர் ஒருவர் கதை இல்லை. தங்கள் பாதுகாப்புக் கோளாறுகளில் சுமார் 70 சதவீதம் இந்த மாதிரி மெமரித் தவறுகளால் வருபவை என்று மைக்ரோசாஃப்ட் 2019-லும், தங்கள் தீவிரமான பாதுகாப்புக் கோளாறுகளில் அதே அளவு என்று குரோம் பிரவுசரைச் செய்கிறவர்கள் 2020-லும் சொன்னார்கள். அங்கே எழுதுகிறவர்கள் நம்மைப் போல லேப் பரீட்சைக்குப் படித்தவர்கள் இல்லையே! 2015-ல் முதல் பதிப்பு வெளிவந்த ரஸ்ட் மொழி, 2022 டிசம்பரில் லினக்ஸின் 6.1 பதிப்புக்குள்ளேயே சேர்க்கப்பட்டதும் இதனால்தான்.

ரஸ்ட் என்ன செய்கிறது என்பதை சார் ரெக்கார்டு நோட்டை வைத்து விளக்கினார். ஒரு நோட்டுக்கு ஒரே சொந்தக்காரன். அவன் போய்விட்டால் நோட்டும் அப்போதே குப்பைக்குப் போகும். தனியாக யாரும் தூக்கிப் போட வேண்டாம். நோட்டை இரவல் கொடுக்கலாம். பார்க்க மட்டும் என்றால் எத்தனை பேர் வேண்டுமானாலும் பார்க்கலாம். எழுதுவதற்கு என்றால் ஒருவனிடம்தான் கொடுக்கலாம், அவன் எழுதி முடிக்கும்வரை வேறு யாரும் பார்க்கவும் கூடாது. இரவலில் இருக்கும் நோட்டைத் தூக்கிப் போடக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். இதை மீறியிருந்தால் புரோகிராம் ஓடுவதற்கு முன்பே கம்பைலர் பிடித்துவிடும். 17-வது இடம் மாதிரியான தப்பை ஓடும்போது சோதித்து, அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். கண்டிப்பாக மீறத்தான் வேண்டும் என்றால், அன்சேஃப் என்று எழுதிப் பொறுப்பை நாமே ஏற்றுக்கொண்டு செய்யலாம்.

எங்கப்பா பவர் லூம் ஓட்டுபவர். பழைய தறியில் பாவு இழை அறுந்தாலும் தறி பாட்டுக்கு ஓடும், துணியில் கோடு விழுந்துகொண்டே வரும். கண்ணை எடுக்க முடியாது. ஆட்டோ லூமில் இழை அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். முதலில் அப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை, சும்மா சும்மா நிற்கிறது என்று எரிச்சல்படுவார். சாரும் ரஸ்டைப் பற்றி அதே வார்த்தைதான் சொன்னார்.

சார் முதலில் செய்த தப்பு, சி-யில் எழுதுகிற மாதிரியே ரஸ்டிலும் எழுதப் பார்த்தது. இரண்டு பக்கமும் பாயிண்டர் உள்ள லிங்க்டு லிஸ்ட்டை முதல் நாளே எழுத ஆரம்பித்தார். ஒவ்வொரு கணுவுக்கும் இரண்டு சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். கம்பைலர் விடுமா! நாலு நாள் மல்லுக்கட்டினார். ஐந்தாம் நாள் பாயிண்டரை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்து இத்தனையாவது இடம் என்று எண்ணால் குறித்தார். கம்பைல் ஆகிவிட்டது. புதுசைக் கத்துக்கிறது சுலபம்பா, பழசை மறக்கிறதுதான் கஷ்டம் என்று சிரித்தார்.

நாடே பேசிய மொழி

ஹாப்பர் அம்மையார் எதிர்ப்பைக் கண்டு நிற்கவில்லை. ஏ-ஜீரோவுக்குப் பின் ஏ-ஒன், ஏ-டூ என்று போய், கடைக்கணக்கு, சம்பளக்கணக்கு போடுபவர்களும் எழுதும்படி ஆங்கிலச் சொற்களிலேயே கட்டளை தரும் மொழியில் இறங்கினார். மேலதிகாரிகளுக்குக் காட்டும்போது, அதே சிறிய புரோகிராமை பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் எழுதி ஓட்டிக் காட்டினார். வார்த்தை எதுவானாலும் மெஷினுக்கு ஒன்றுதான் என்று புரியவைக்க நினைத்தார். அவர்களோ, அமெரிக்கக் கம்ப்யூட்டர் எப்படி பிரெஞ்சு பேசும் என்று அரண்டுவிட்டார்கள்! பிறகு ஆங்கிலம் மட்டும்தான் என்று சமாதானம் சொல்லி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அதுதான் பிற்பாடு ஃப்ளோ-மேட்டிக் என்று பெயர் பெற்றது.

1959-ல் எல்லாக் கம்பெனிக் கம்ப்யூட்டரிலும் ஓடும் ஒரே வணிக மொழி வேண்டும் என்று அமெரிக்க ராணுவத் தலைமையகத்தில் கூட்டம் கூடியது. அங்கிருந்து பிறந்தது கோபால் மொழி. அதைச் செய்தது ஒரு குழு. மேரி ஹாஸ், ஜீன் சாமெட் போன்ற பெண்களும் அதில் இருந்தார்கள். ஹாப்பர் ஆலோசகராக இருந்தார். அவருடைய ஃப்ளோ-மேட்டிக்தான் அதற்குப் பெரிய அடித்தளம். 1960 டிசம்பரில் ஒரே கோபால் புரோகிராமை இரண்டு வேறு கம்பெனிக் கம்ப்யூட்டர்களில் ஓட்டிக் காட்டினார்கள்.

ஆறு மாதம் பத்தொன்பது வருஷம் ஆனது

1966 கடைசியில், அறுபது வயதில், கடற்படை அவருக்கு ஓய்வு கொடுத்தது. ஏழே மாதத்தில், 1967 ஆகஸ்டில், ஆறு மாத வேலை இருக்கிறது வாருங்கள் என்று திரும்பக் கூப்பிட்டது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு கோபால் கம்பைலர் விற்றுக்கொண்டிருந்தது. ஒன்றில் ஓடியது இன்னொன்றில் ஓடாது. ஹாப்பர் குழு அந்தக் கம்பைலர்களையே சோதிக்கும் புரோகிராம்களை எழுதியது. மனிதர்களைத் திருத்தக் கம்பைலர், கம்பைலர்களைத் திருத்த இன்னொரு சோதனை! தப்பு யார்கிட்ட வேண்டுமானாலும் இருக்கும், தான் செய்து வளர்த்த கருவியிடம்கூட இருக்கும் என்று அந்த வயதிலும் நினைத்தார் பாருங்கள்.

அந்த ஆறு மாதம் பத்தொன்பது வருஷமாக நீண்டது. நடுவில் கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசினார். கையில் சுமார் 30 சென்டிமீட்டர் வயர்த் துண்டுகளை எடுத்துப் போவார். ஒரு நானோ வினாடியில் ஒளி போகக்கூடிய அதிகபட்ச தூரம் அது. கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று மாணவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுப்பார். அவர் அலுவலகச் சுவரில் தொங்கிய கடிகாரம் எதிர்த்திசையில் சுற்றும். எப்போதும் இப்படித்தான் செய்கிறோம் என்று வருபவர்களுக்குப் பதில் அந்தக் கடிகாரம்தான். சின்ன வயசில் பிரித்த ஏழு கடிகாரத்துக்கும் பிராயச்சித்தமோ என்னவோ!

1985-ல் ரியர் அட்மிரல் பதவி வந்தது. 1986 ஆகஸ்ட் 14 அன்று, 79 வயதில், பாஸ்டன் துறைமுகத்தில் நிற்கும் கான்ஸ்டிடியூஷன் என்ற பழைய போர்க்கப்பலின் மேல் அவருக்கு விடைகொடுத்தார்கள். அப்போது பணியில் இருந்த அதிகாரிகளிலேயே மூத்தவர் அவர்தான். அதற்குப் பிறகும் வீட்டில் உட்காரவில்லை, டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் ஆலோசகரானார். 1991-ல் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது. 1992 ஜனவரி 1 அன்று 85-வது வயதில் காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். 1996-ல் நீரில் இறக்கப்பட்ட போர்க்கப்பல் ஒன்றுக்கு அவர் பெயர் வைத்தார்கள். 2016-ல் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருது அவர் மறைவுக்குப் பிறகு வழங்கப்பட்டது.

எனக்குக் கிடைத்தது

பதக்கம், கப்பல் எல்லாம் பெரிய விஷயம்தான். எனக்கு அந்த நோட்டுக் காப்பிதான் பெரிசாகத் தெரிகிறது. தப்பே செய்யாதவர் ஒருவர், தப்பு செய்கிற நம்மைப் போன்றவர்களைப் பிடிக்கக் கம்பைலர் செய்தார் என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லையே! நான் தப்பு செய்கிறேன், என் கூட இருக்கும் கெட்டிக்காரர்களும் செய்கிறார்கள் என்று ஒப்புக்கொண்ட ஒருவர், முதலில் தனக்காகச் செய்துகொண்ட கருவி அது. அப்படியானால் ஸ்கிரீனில் வரும் எர்ரர் நம்மை வெளியே போகச் சொல்லவில்லை. எங்கே இழை அறுந்திருக்கிறது என்று காட்டுகிறது.

டிரெய்னிங் கடைசி நாள் சார் என்னையும் ஒரு சின்ன ரஸ்ட் புரோகிராம் எழுதச் சொன்னார். பதினோரு எர்ரர் வந்தது. பின்னால் நின்று சார் பார்த்துக்கொண்டிருந்தார். கை தானாக மானிட்டர் பட்டனுக்குப் போனது. அணைக்கவில்லை. முதல் எர்ரரை சத்தமாக வாசிச்சுக் காட்டு என்றார். வாசித்தேன். அதே தப்பை அவரும் முந்தின நாள் செய்ததாகச் சொல்லி, பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் பதினொன்றும் போய்விட்டது.

முதல் வருஷத் தம்பி தங்கைகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். லேபில் எர்ரர் வந்தால் மானிட்டரை அணைக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நான் பக்கத்தில் இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். தெரியாவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து வாசிப்போம்.